இத்தா வீட்டு ஜீப்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவன் நான். அப்போதே என் எழுத்து அழகில்லை. இப்போது வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்குவதில்லை. பேனையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கிள்ளிப் பிடித்துத்தான் எழுதுகிறேன். அந்த விரல்கள் இப்படி ஆனதைத்தான் எழுதப் போகிறேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சொல் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் உழவு மெசின் ஓட்டுகிறவன். என் ஒரே தம்பி வெளிநாட்டில் ஒரு பெரிய கராஜில் வேலை செய்தான். கடைசியாக லீவில் வந்தபோது ஒரு பழைய ஜீப்பை வாங்கினான். மூன்று வரிசை ஆசனம் உள்ள வண்டி. ஏறுவதற்குக் காலை நன்றாக உயர்த்த வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். அதனால் ஜீப்பும் அவன் மனைவி வீட்டு முற்றத்தில்தான் நின்றது. கடலுக்கு ஒரு தெரு இப்பால் உள்ள வீடு. முற்றம் முழுக்க மணல்.

அந்த வண்டியில் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒருமுறை சாகாமம் குளக்கட்டுக்குப் போனான். பள்ளம் ஒன்றில் இறங்கி எழும்பியபோது பின்னால் இருந்த நான், "மெல்லப் போடா" என்று கத்தினேன்.

"காக்கா, இது வண்டி இல்ல, கப்பல். நீங்க மெசின்ல குலுங்கின குலுக்கலுக்கு இது தொட்டில்" என்று சிரித்தான். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

பிறகு போய்விட்டான். அடுத்த லீவில் வந்து ஓட்டலாம் என்று கைப்பிரேக்கை இறுக்கிப் போட்டு, தறப்பாளால் மூடிவிட்டுப் போனான். அந்த லீவு வரவில்லை. படுத்த இடத்தில் நெஞ்சு நின்றுவிட்டது என்று அவனோடு அறையில் இருந்தவர்கள் போன் எடுத்தார்கள். அங்கேயே அடக்கினார்கள். எங்களுக்கு வந்தது ஒரு சின்ன வீடியோ. அதில் குவித்த மண் தெரிந்தது. ஓரத்தில் யாருடையதோ ஒரு சோடிச் செருப்புத் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

அவன் மனைவி இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கணவனின் அண்ணன் என்றாலும் நானும் அவளுக்கு அந்நியன்தான். முன் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கிணறு தெருப் பக்கம் இருந்ததால், அவள் குளிப்பதற்கு முற்றத்து மூலையில், ஜீப்பின் பின்பக்கத்தை ஒட்டி, தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் நான் கண்ணைத் திருப்பவில்லை. எந்த ஆணும் திருப்பமாட்டான்.

ஜீப்பை எடுத்துவிட வேண்டும் என்று முதலில் சொன்னது அவளுடைய உம்மா. எனக்கும் அவர் மாமிதான்.

"மகன், இந்தச் சாமான அங்கால கொண்டு போங்க. விடிஞ்சா எழும்பி ஜன்னல்ல நிக்கிறா. ஒரு பிடி சோறு இறங்குதில்ல. அந்தத் தறப்பாளப் பாத்துப் பாத்தே என்ட புள்ள முடிஞ்சி போகும்."

நெல் மில் வைத்திருக்கும் ஒருவர் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். வண்டி ஓடாவிட்டாலும் பரவாயில்லை, லொறியில் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன் என்றார். மாமி அதற்கும் சம்மதம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, துணிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தம்பி போன பிறகு அவள் என்னோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

"காக்கா." தம்பி என்னைக் கூப்பிடுவது போலவே அவளும் கூப்பிடுவாள்.

"சொல்லு புள்ள."

"அவர்ர ஜனாஸாவ நான் பாக்கல்ல. இந்த வண்டியயாவது ஓட்டிக்கொண்டு போங்க. கட்டி இழுக்க வேணாம்."

"இரும்புக்கும் இத்தா இருப்பா போல இவ" என்றார் மாமி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் "சரி புள்ள" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. படுத்தாலும் எழும்பினாலும் அந்த வண்டி தன் சில்லில் உருண்டு தெருப் படலையைத் தாண்ட வேண்டும் என்பதுதான் நினைவு. தம்பிக்கு என்னால் ஒரு பிடி மண் போட முடியவில்லை. இதையாவது செய்ய வேண்டும் என்று இருந்தது.

கராஜ்காரர் ஒருவரைக் கேட்டேன். இரண்டு ஆட்களோடு வந்து, நாள் முழுக்க முற்றத்தில் நின்று செய்ய வேண்டும் என்றார். இத்தா வீட்டு முற்றத்தில் அந்நிய ஆண்கள் நாள் முழுக்க நிற்க மாமி விடவில்லை. "நீங்க எண்டா குனிஞ்ச தலையோட வந்து போவீங்க. நீங்களே பாருங்க" என்றார்.

மெசினிலிருந்து பெட்டரியைக் கழற்றிக் கொண்டு போய்ப் பூட்டினேன். கரும்புகை கக்கிக்கொண்டு இஞ்சின் வேலை செய்தது. உள்ளே துணி அசைந்தது. கியரைப் போட்டு நகர்த்தினால் வண்டி ஒரு பக்கமாகத் திமிறியது. இடது பின் சில்லு உருளவே இல்லை. தம்பி இறுக்கிப் போட்ட கைப்பிரேக் அப்படியே கிடந்து, உப்புக் காற்றில் துருவேறி, பிரேக் லைனர் சில்லுக்கு உள்ளே இருக்கும் டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த மூலையைத் தூக்கி, சில்லைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தால்தான் வழி.

இவ்வளவு பாரமான வண்டியை மணலில் தூக்குவது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும். மெசின் புதைந்தால் ஜக் வைத்துத் தூக்கி எத்தனையோ தடவை பழகியிருக்கிறேன். அவசரப்படவில்லை. முன் சில்லு இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கருங்கல் வைத்து அடித்து இறுக்கினேன். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுக்களை இளக்கினேன். மெசினுக்குப் பின்னால் கொழுவும் பெட்டியின் பின்பலகை நல்ல தடிப்பு. அதில் ஒரு துண்டை ஜக்கின் கீழ் போட்டேன். பாண்டிருப்பில் ஒரு தெரிந்தவரிடம் மூன்று கால் உள்ள இரும்புத் தாங்கி ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதன் கீழும் ஒரு பலகை போட்டேன். பின் அச்சின் தடித்த குழாயில் ஜக்கைக் கொடுத்து மெல்ல மெல்ல உயர்த்தி, தாங்கியை உள்ளே தள்ளி, வண்டியை அதில் இருத்தினேன். ஜக்கையும் எடுக்காமல் விட்டேன். கையால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

சில்லைக் கழற்றியதும் தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. அவன் போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது ஒருநாள் கேட்டான்.

"கழட்டின சில்ல என்ன செய்வீங்க காக்கா?"

"செவரோட சாத்தி வெப்பன்."

"போச்சி. வண்டிக்குக் கீழ தள்ளிப் படுக்கப் போடணும். ஜக் என்ன உங்கட மச்சானா, உங்களுக்காகக் காவல் நிக்க? ஒரு நாளைக்கு அது விடும். விட்டா வண்டி சில்லுல வந்து குந்தும். உங்கட நெஞ்சில குந்தாது."

சில்லைப் படுக்க வைத்து டிரம்மின் கீழ் தள்ளினேன்.

ழுஹர் தொழுகை முடிந்து வெயில் இறங்கத் தொடங்கிய நேரம். மாமி சந்தைக்குப் போய் வருகிறேன் என்று படலையைச் சாத்திவிட்டுப் போனார். நான் மறைப்புக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். துரு பொடிப்பொடியாகக் கொட்டியது. டிரம் இளகுகிற சத்தம் கேட்டது. இன்னும் ஒரு மணி நேர வேலைதான். பின்பக்கத்து ஓட்டையால் லைனரைத் தளர்த்தலாம் என்று வலது கையைக் கீழால் விட்டுத் தடவினேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். குளிக்கிற தண்ணீர் இறங்குவதற்கு மறைப்பை ஒட்டி ஒரு குழி தோண்டி, தேங்காய் உரிமட்டையால் நிரப்பி, சாக்குப் போட்டு, மேலே மணலைப் பரப்பியிருந்தார்கள். என் பலகைகள் இரண்டும் பாதிக்குப் பாதி அந்தக் குழியின் மேல் இருந்தன. மேல் மணல் காய்ந்து, மற்ற மணல் போலவே கிடந்தது. மறைப்புப் பக்கம் நின்று பார்த்திருந்தால் ஈரம் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் நான் போகவில்லை. இத்தாவில் இருக்கும் பெண் குளிக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு ஆணுக்கு யார் சொல்வார்கள்? நான்தான் எப்படிக் கேட்பேன்?

தாங்கியின் ஒரு கால் இறங்கியது. பிறகு ஜக் சரிந்து தெறித்தது. வண்டி ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இறங்கி, படுக்க வைத்த சில்லில் வந்து குந்தியது. தம்பி சொன்ன மாதிரியே நெஞ்சில் குந்தவில்லை. என் வலது கை மட்டும் டிரம்முக்கும் டயருக்கும் நடுவில் இருந்தது.

நான் சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன். சத்தம் போட்டால் கேட்பதற்கு அந்த வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். அவள் வரக் கூடாது. மாமி வந்துவிடுவார், அதுவரை பொறுக்கலாம் என்று நினைத்தேன். இடது கையால் மணலை அள்ளி அள்ளிப் பார்த்தேன். கை வரவில்லை. கண்ணில் இருட்டு வந்து வந்து போனது.

"காக்கா, என்ன சத்தம்?"

"ஒண்டுமில்ல புள்ள."

"தட்டுறத ஏன் நிப்பாட்டினீங்க?"

"களைப்பு. ஒள்ளுப்பம் ஆறிட்டுத் தட்டுறன்."

காலடி உள்ளே நகர்ந்தது. பிறகு ஜன்னல் பக்கமிருந்து கேட்டது.

"வண்டிர கூரை சரிஞ்சி நிக்கி காக்கா."

நான் இன்னும் ஒரு பிடி மணலை அள்ளினேன்.

"நான் வாறன்."

"வராத புள்ள. மாமி வந்திருவா."

"அவர்ர கடைசி நேரமும் இப்படித்தான், ஆரும் வந்திருவாங்க எண்டு பாத்துக்கொண்டு கிடந்திருப்பார்" என்றாள். துணி விலகும் சத்தம் கேட்டது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அதன் பிறகு நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை. கேட்டது மட்டும்தான் தெரியும்.

"ஜக் எங்க கிடக்கு?" என்று கேட்டேன்.

"உங்கட கால்மாட்டுல."

"அதுல பக்கத்தால ஒரு சின்ன ஆணி இருக்கி. தண்டால அத இளக்கி, ஜக்க அமத்திக் கட்டையாக்கு. மறுகா இறுக்கு."

"சரி."

"பலகைய அங்க போடாத. என்ட தலைப் பக்கம் கொண்டு வா. நல்லா மிதிச்சிப் பாத்துப் போடு."

மணலை மிதிக்கும் சத்தம் கேட்டது. "கெட்டியாத்தான் இருக்கி."

"குறுக்கால ஒரு பெரிய குழாய் போகுதில்லியா? அதுக்குக் கீழ வை."

"ரெண்டு குழாய் போகுது காக்கா."

"பெரிசு."

"ரெண்டும் பெரிசாத்தான் தெரியுது."

"ஊத்தை புடிச்சது."

"எல்லாம் ஊத்தைதான்."

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "தண்டால தட்டிப் பாரு. தகரம் மாதிரிக் கேட்டா அது புகைக் குழாய். அத விட்டுட்டு மத்ததுக்கு வை."

தட்டினாள். இரண்டாவது குழாயில் கெட்டியான சத்தம் கேட்டது. ஜக்கை வைத்துத் தண்டை மேலும் கீழுமாக அடிக்கத் தொடங்கினாள்.

"ஏறுதா?"

"தெரியல்ல. பாரமா இருக்கி."

"பாரமா இருந்தா ஏறுது எண்டுதான் அர்த்தம். விடாத. உள்ள கைய விடாத, காலையும் விடாத. தள்ளி நிண்டு அடி."

மூச்சு வாங்குவது கேட்டது. இரும்பு முனகியது. பிறகு கை திடீரென்று லேசானது. இழுத்துக்கொண்டேன்.  காலடி விலகியது. துணி மீண்டும் விழுந்தது. அதன் மேலால் ஒரு வெள்ளைத் துண்டு பறந்து வந்து என் மடியில் விழுந்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்தேன். அந்தத் துண்டு வெள்ளையாக இருந்தது ஒரு நொடிதான்.

மாமி படலையைத் திறந்தபோது நான் சில்லோடு சாய்ந்து இருந்தேன். கையைப் பார்த்து, "யா அல்லாஹ்" என்று கூடையைப் போட்டுவிட்டார். தெருவில் ஆளைக் கூப்பிட ஓடினார். படலை வரை போனவர் திரும்பி வந்தார். ஜக்கைப் பார்த்தார். வாசலில் இருந்து ஜக் வரைக்கும் மணலில் பதிந்திருந்த சின்னக் கால் தடங்களைப் பார்த்தார்.

"ஆரு ஜக்க வெச்ச?"

நான் குனிந்துகொண்டேன்.

"நான்தான் வெச்சன். விளங்கிச்சா மகன்? நான் சந்தைக்குப் போகல்ல. நான்தான் அடிச்சன்." சொல்லிக்கொண்டே காலால் தடங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார். பிறகுதான் ஆளைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே ஊரில் கதை போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். "மாமிக்கு என்ன சாப்பாடு குடுக்கிற? ஒரு ஜீப்பத் தூக்கியிருக்கா. அறுவடைக்கு மெசின் வேணாம், அவவ இறக்கலாம்." நானும் சிரித்தேன். என் உயிரைக் காப்பாற்றியவளைப் பற்றி ஒருவரிடமும் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு, யார் வீடு என்று சொல்லாமல் மௌலவி ஒருவரிடம் கேட்டேன். உயிர் ஆபத்தில் வெளியே வந்தால் குற்றமில்லை, இத்தாவுக்கு ஒன்றும் ஆகாது என்றார். அதை மாமியிடம் சொன்னேன்.

"அது மௌலவிக்கு விளங்கும். ஊருக்கு விளங்குமா? இத்தா முடியிற மட்டும் இஞ்சால வராதீங்க மகன். கோவிக்காதீங்க."

கோபம் எதற்கு? நான் வந்து என்ன செய்யப் போகிறேன்? சம்மட்டி பிடிக்கிற கை துணியில் சுற்றித் தொங்கியது. வேறு ஆளை மாமி விடமாட்டார்.

மில்காரர் லொறியோடு வருகிறார் என்று கேள்விப்பட்டு, அன்று மட்டும் போனேன். முற்றத்துக்குள் போகவில்லை, படலைக்கு வெளியே நின்றேன். அவருடைய ஆட்கள் சில்லைத் திரும்பப் பூட்டிவிட்டு முன்னால் சங்கிலி கட்டினார்கள். நான் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன்.

"டிரம் இளகிட்டுது. கொஞ்ச நேரம் தட்டினா சில்லு உருளும். நானே படலை மட்டும் ஓட்டி வாறன்."

அவர் என் கையைப் பார்த்தார். "ஒரு கைதான் மிச்சம் இருக்கி. அதையும் இதுக்குக் குடுக்கப் போறீங்களா? தள்ளி நில்லுங்க காக்கா." பிறகு லொறிக்காரரைப் பார்த்து, "குர்பானி மாடு மாதிரி நிக்கி. இழுத்தாத்தான் வரும். இழு!" என்றார்.

சங்கிலி இறுகியது. இடது பின் சில்லு உருளவில்லை. மணலை உழுதுகொண்டு, ஆழமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு, முற்றத்தின் குறுக்கே வந்து, படலையைத் தாண்டி, என் காலடியால் தெருவுக்குப் போனது. வீட்டுக்குள்ளிருந்து அழுகை கேட்கும் என்று காத்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். அன்று நான் மூடிக்கொண்டு கிடந்த மாதிரி. மூடினாலும் எல்லாம் கேட்கும்.

அறுவடை வந்தது. இடது கையால் சுக்கானைப் பிடித்து ஓட்டப் பழகிக்கொண்டேன். மில்லுக்கு நெல் ஏற்றிப் போனபோது ஜீப்பைக் கண்டேன். உமி கொட்டும் பக்கம் நின்றது. நாலு சில்லும் இல்லை. இஞ்சினையும் கழற்றிவிட்டார்கள். ஓட்டையுள்ள சீமெந்துக் கல்லைப் பக்கவாட்டில் அடுக்கி அதன் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். உமித்தூசி கண்ணாடியெல்லாம் படிந்திருந்தது. அந்தக் கல் ஒரு நாளைக்குப் பொடிந்துவிடும்.

மில்காரரிடம் சொன்னேன். "இந்தக் கல்லு பாரம் தாங்காது. மரக்குத்தி வெக்கணும்."

"விட்டுத்தள்ளுங்க காக்கா. இனி அதுக்குக் கீழ ஆரு போகப் போற?" என்றார்.

இத்தா முடிந்து சில நாளைக்குப் பிறகு மாமி கூப்பிட்டுவிட்டிருந்தார். போனேன். கிடுகு மறைப்பைப் பிரித்துவிட்டார்கள். முற்றத்து மணலை யாரோ வாரிச் சமப்படுத்தியிருந்தார்கள். தலையை மூடிக்கொண்டு அவள்தான் தேத்தண்ணி கொண்டு வந்தாள். வீடியோ வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவளைக் கண்டேன். மெலிந்து, என்னைவிட மூத்தவள் மாதிரி இருந்தாள். கோப்பையை என் இடது கைப் பக்கம் வைத்தாள்.

"நீங்க மில்லுக்குப் போறனீங்களாம் காக்கா. அது அங்க நிக்கா?"

"நிக்கி புள்ள."

"ஓடுதா?"

வண்டிக்குக் கீழே கிடந்தபோது ஒன்றுமில்லை என்று சொல்லவாவது முடிந்தது. அன்று அதுவும் வரவில்லை. தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். மடங்காத அந்த இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறப் போகுது, குடிங்க காக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. நானும் அந்த வீட்டுக்கு அதிகம் போவதில்லை.

ஸபர் பிறை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை.